மாமி எழுதிக் கேட்ட மருந்து

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மருந்துப் போத்தல் நிற்கிறது. பச்சை கலந்த தடித்த கண்ணாடி. கழுத்தடியில் விரல் நகம் அளவுக்கு ஓர் உடைவு. அந்தக் காலத்தில் டிஸ்பென்சரியில் மிக்சர் தந்தால், ஒரு வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று தெரிவதற்காகக் கடதாசியைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒரு பல்லு ஒரு வேளை. எழுத்துத் தெரியாத சனத்துக்கு அது நல்ல வழி. இந்தப் போத்தலில் ஒட்டியிருக்கும் கடதாசியில் பல்லு இல்லை. இரண்டு சொல் மட்டும் இருக்கிறது. மை மங்கிப் பழுப்பாகிவிட்டது. இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் போனபோது இதைச் சீலைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். காணி உறுதிப் பத்திரத்தை மறந்துவிட்டுப் போனவள், போத்தலை மறக்கவில்லை என்று என் மகன் இன்றைக்கும் பகிடி பண்ணுவான். பண்ணட்டும். அந்த இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் பகிடி பண்ண அவன் இருந்திருக்க மாட்டான்.

போத்தல் என் மாமியுடையது. மாமி என்றால் என் மனுசனைப் பெற்றவர். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முந்தி நான் புத்தூர்ப் பக்கம் மருமகளாய்ப் போனேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. ஒரு கமக்காரரின் புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னால், ஒரு ஒடுங்கிய மண் ஒழுங்கையில், ஓலைக் கொட்டில்களாய்ப் பத்து வீடு. அவ்வளவும் எங்களாட்கள். நிலம் கமக்காரருடையது. அவர் எழும்பு என்றால் எழும்ப வேண்டும். நாங்கள் எந்தச் சாதி என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்களில் சிலர் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்தி விடுவார்கள். கிணற்றைத் தொடக்கூடாத ஆட்கள் என்று சொன்னால் காணும். காணும் என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். இந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்ல இருக்கிறது.

என் மாமா, அதாவது மாமியின் மனுசன், கிணறு வெட்டுகிறவர். எங்கள் ஊர் நிலம் ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். அலவாங்குக் கம்பியால் குத்தி, வெடிமருந்து வைத்து உடைத்துத்தான் தண்ணீர் காண வேண்டும். வெடிச் சத்தத்தில் மாமாவின் ஒரு காது முழுதாயும் மற்றது முக்காலாயும் போய்விட்டது. சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத கிணறு குறைவு. ஆனால் தண்ணீர் கண்ட அன்று அவருக்கு வேட்டித் துண்டும் வெற்றிலையும் கொடுத்து மேலே ஏற்றுவார்கள். ஐயர் வந்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளிப்பார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றின் துலாக் கயிற்றில் அவர் கை வைக்கக் கூடாது. தான் வெட்டின கிணற்றடியில் தாகத்தோடு நின்று, ஊற்றுகிறவர்களுக்குக் கையை ஏந்த வேண்டும்.

பெண்களின் பாடு இன்னும் மோசம். விடியக் குடத்தைக் கொண்டுபோய்க் கமக்காரரின் கிணற்றடியில், கட்டுக்கு ஏழெட்டு முழம் தள்ளி வைத்துவிட்டு நாங்கள் விலகி நிற்போம். தோட்டத்துக்கு இறைத்து முடியும். வீட்டுக்கு அள்ளி முடியும். குளித்து, தோய்த்து, மாட்டுக்கு வைத்து முடியும். பிறகு யாராவது மனம் வைத்தால் இறைக்கிற ஓலைப் பட்டையை உயர்த்திப் பிடித்து எங்கள் குடத்துக்குள் ஊற்றுவார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. "நாச்சியார், இன்னும் ஒரு கை ஊத்திவிடுங்கோ" என்று மாமி கேட்பது இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. நல்ல உயரமான மனுசி. நேராய் நடக்கிறவர். அந்த இடத்தில் மட்டும் குரலை அரைவாசியாக்கிக் கேட்பார். சில நாள் பத்து மணிக்கு அரைக்குடம் கிடைக்கும். சில நாள் உச்சி வெயில் வரைக்கும் நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு வருவோம். அந்த அரைக்குடத்தில் சமைக்க வேண்டும், குடிக்க வேண்டும். கை கழுவுவது, பிள்ளையைக் கழுவுவது, துணி தோய்ப்பது எல்லாம் மாடு இறங்குகிற குளத்தில். ஆடி மாதத்தில் அந்தக் குளம் பச்சைக் கூழாகிவிடும். சில நாட்களில் அதையும் வடித்துக் குடித்தோம். வேறு என்ன செய்வது?

எங்கள் ஒழுங்கையில் ஆடி என்றால் பயம். பெரிய ஆட்களுக்கு அது கூழ் குடிக்கிற மாதம். எங்களுக்குச் சின்னக் குழி வெட்டுகிற மாதம். என் முதற் பிள்ளை பெண்பிள்ளை. பதினொரு மாதம். எழும்பி நிற்கப் பழகி, கொட்டில் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு ஆடி பாதியில் வயிற்றோட்டம் தொடங்கியது. ஒரு பகல் பார்த்துவிட்டு, மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தார். நான் போத்தலோடு பின்னால் போனேன். அங்கே வந்தவர்கள் இருக்க வாங்கு போட்டிருந்தது. அது எங்களுக்கில்லை. நாங்கள் வெளியே மரத்துக்குக் கீழே இருந்தோம். வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மருந்து எழுதுகிற அப்போதிக்கரி ஐயா வாசலுக்கு வந்து, தள்ளி நின்றபடி பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஏசினார்.

"கொதிச்சாறின தண்ணி குடுங்கோ, கையைக் கழுவுங்கோ, துணியைத் தோயுங்கோ எண்டு நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன்! உங்கடை ஆக்களுக்கு ஊத்தையிலை கிடந்தாத்தான் நித்திரை வரும் போலை."

போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு விலகச் சொன்னார்கள். விலகினோம். அவருடைய உதவியாள் ஓடலி வந்து குனியாமலே மிக்சரை ஊற்றினார். கடதாசியில் ஆறு பல்லு வெட்டி ஒட்டியிருந்தது. மூன்றாவது பல்லுக்கு மருந்து இறங்க முன்னம் என் பிள்ளை போய்விட்டாள். அவளுக்குக் கொடுக்கக் கொதிக்க வைத்த தண்ணீர் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சிரட்டை அளவு.

இதை யார் மேலும் கோபம் சொல்ல எழுதவில்லை. பல பேர் எங்களை ஊத்தை ஆட்கள், நோய் பிடித்த ஆட்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் இரத்தத்திலேயே ஏதோ குறை என்று அரைவாசி நம்பிவிட்டோம். என் பிள்ளை போனது என் பாலின் குற்றம் என்று நான் அழுதேன். மாமி என் நாடியைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னார். "உன்ரை பாலிலை ஒரு குறையும் இல்லை மோனை. குடத்திலைதான் குறை."

பிள்ளையின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள், மாமி அரைவாசிக்கு மேல் மருந்து கிடந்த போத்தலை ஒரு கையிலும் வெறுங்குடத்தை இடுப்பிலும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். என்ன செய்யப் போகிறாரோ என்ற பயத்தில் நானும் போனேன். மரத்தடியில் அவர் நிற்கவில்லை. வாங்கையும் கடந்து போனார். ஓடலி "எணேய், எணேய்!" என்று கத்தினார். அவர் நேரே உள்ளே போய் அப்போதிக்கரி ஐயாவின் மேசையில் குடத்தை வைத்தார். பக்கத்தில் போத்தலை வைத்தார்.

"ஐயா, இந்த மருந்து மிச்சம். பிள்ளை முடிஞ்சுது. இனி எங்களுக்குப் போத்தல் மருந்து வேண்டாம். இந்தக் குடத்துக்குத் தண்ணியை எழுதித் தாங்கோ."

அவருக்கு முகம் சிவந்தது. "என்ன பகிடியோ?" என்றார்.

"ஐயாவோடை நான் பகிடி விடுவனோ? கொதிக்க வையுங்கோ எண்டியள். வைக்கிறம். கழுவுங்கோ எண்டியள். கழுவுறம். முதல் தண்ணியை எழுதுங்கோ. அதைக் காட்டினால் ஆர் தருவினம் எண்டும் எழுதுங்கோ."

அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். வெறுங்குடம் என்று தெரிந்தும் ஏன் பார்த்தாரோ தெரியாது. பிறகு, எங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் கிடைக்கும், எங்கேயிருந்து கிடைக்கும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். அத்தனை வருடமாய் எங்களை ஏசின மனுசன், அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடியச் சைக்கிளில் கிணற்றடிக்கே வந்துவிட்டார். கோட்டும் சப்பாத்துமாய் எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். என்ன நடந்தது தெரியுமோ? உத்தியோகத்தர் நிற்கிறாரே என்று கமக்காரர் வீட்டுப் பெண்கள் ஓடிவந்து எங்கள் குடம் எல்லாவற்றையும் வாய்முட்ட நிரப்பித் தந்தார்கள். சிந்தாமல் ஊற்றினார்கள். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. ஐயா மாமியைப் பார்த்து, "உதுக்கோ நீர் உவ்வளவு கதை சொன்னனீர்?" என்றார்.

மாமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஐயா நாளைக்கும் வருவியளோ?" என்று கேட்டார். "வந்தால் நல்லது. நாளையிண்டைக்கும் வந்தால் இன்னும் நல்லது. ஒரு கதிரை போட்டு விடுறம்."

எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தவர் சைக்கிளில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டு எங்களோடு ஒழுங்கை முடியும் வரைக்கும் நடந்து வந்தார். மாமியிடம் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பின்னேரம் எங்களைக் கூப்பிட்டு அதைத் திருப்பித் தந்தார். கழுவித் துடைத்திருந்தது. பழைய கடதாசியை உரித்துவிட்டுப் புதிதாய் ஒன்று ஒட்டியிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று மாமி கேட்டார்.

"கிணறு ஒன்று" என்று அவர் வாசித்தார். "உமக்கு வேண்டிய மருந்து உதுதான். ஆனால் உதை நிரப்பித் தர என்ரை அலுமாரியிலை ஒண்டும் இல்லை."

நிரப்பித் தர யாராலும் ஏலாது. அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடதாசி மாமிக்கு ஒரு காரியத்தை நினைவுபடுத்தியது. மாமிக்குச் சீதனமாய் இரண்டு பரப்புக் கல்லுக் காணி இருந்தது. அவருடைய தகப்பனும் கிணறு வெட்டுகிறவர்தான். ஒரு காலத்தில் கிணறு வெட்டின கூலிக்குப் பதிலாய், ஆடும் மேயாத அந்தப் பாறையை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூலியும் மிச்சம், காணியும் தொலைந்தது என்று கொடுத்தவர்கள் சிரித்தார்களாம். பாம்பும் எருக்கலையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் உறுதி இருந்தது. அதில் கிணறு வெட்டினால் யாரும் தடுக்க ஏலாது.

தடுக்க ஏலாது, வெருட்ட ஏலும். அந்தக் கிணற்றில் அலவாங்கு பிடிக்கிறவனுக்குத் தன் தோட்டத்தில் வேலையில்லை என்று கமக்காரர் சொல்லி விட்டார். அதனால் முதலில் இறங்கியது மாமாவும் அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் மட்டும்தான். மூத்தவர் என் மனுசன். பகலில் வேறு ஊருக்கு நடந்துபோய்க் கூலி வேலை செய்துவிட்டு, பொழுது படுகிற நேரத்தில் வந்து குத்துவார்கள். வெடிமருந்துக்கு அனுமதி எடுக்க அப்போதிக்கரி ஐயா கடிதம் எழுதித் தந்தார். கல்லை ஓலைக் கடகத்தில் சுமந்து கொட்டுவது மாமியும் நானும். மகள் போனபோதே நான் மறுபடி நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மார்கழிக்குப் பிறக்கும் என்று கணக்கு. மாமி என் வயிற்றைப் பார்த்து, "உது பிறக்கேக்கை எங்கடை தண்ணியிலைதான் குளிக்கும்" என்று சொல்லுவார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அதுதான் அவருக்கு விரதம்.

ஒழுங்கைச் சனம் பயத்தில் ஒரு கிழமை வரவில்லை. பிறகு ஒருத்தி வந்து, "சும்மா பாக்க வந்தனான் மச்சாள்" என்றாள். இன்னொருத்தியும் சும்மா பார்க்க வந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரின் கையிலும் ஒரு கடகம் இருந்தது. மாமா குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்து, "பாக்க வந்த ஆக்கள் பாத்தபடி கல்லையும் தூக்குங்கோ" என்றார். காது கேளாத மனுசன் என்றாலும் எல்லாம் விளங்கும்.

மூன்று ஆள் மட்டம் போனதும் ஒரு பாறை வெடிப்பில் தண்ணீர் கசிந்தது. விடிய வந்து பார்த்தால் முழங்காலளவு நின்றது. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி. காணும். இனி நான் ஏறுறன்" என்றார்.

மாமி கிணற்று வாயில் குந்தியிருந்து கீழே பார்த்தார். "முழங்கால் தண்ணியோ? பத்து வீட்டுக்கு முழங்கால் தண்ணி காணுமோ? இன்னும் ரண்டு முழம் போங்கோ."

"காணுமெண்டு சொல்லுறன்."

"எனக்குக் காணாது!" என்று மாமி கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன்னமும் பின்னமும் நான் கேட்டதில்லை. அரைக்குடத் தண்ணீரில் ஒரு ஆயுசு வாழ்ந்த மனுசிக்குக் காணும் என்ற சொல் எங்கே பழக்கம்? மாமா அவர் முகத்தைப் பார்த்தார். குழி துளைத்து வெடி வைத்தார்.

தண்ணீர் குபுகுபுவென்று நெஞ்சுமட்டத்துக்கு ஏறியது. சனம் ஆரவாரித்தது. மாமி பட்டையை இறக்கி அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். மறுபடியும் அள்ளினார். மறுபடியும் துப்பினார். பிறகு பட்டையை நிலத்தில் வைத்துவிட்டுக் கல்லுக்கு மேல் இருந்துவிட்டார். உவர். வாயில் வைக்க முடியாத உவர்.

அடுத்த நாளே ஊர் முழுக்கக் கதை. அந்த ஆட்களுக்கு உப்புத்தான் கிடைக்கும் என்று கிணற்றடியில் சிரித்தார்கள். மாமி குடத்தோடு அங்கேதான் போய் நின்றார். தலை குனியவில்லை. ஆனால் வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமா பக்கத்தில் போய் இருந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எங்கள் நிலத்துக்குக் கீழே கடல் படுத்திருக்கிறது, அதற்கு மேலே மழைத் தண்ணீர் மிதக்கிறது, மெல்ல அள்ளினால் மழை வரும், ஆழத் தோண்டினால் கடல் எழும்பி வரும் என்று சொன்னார்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் வெடி வைச்சனியள்?" என்று மாமி கேட்டார்.

"உன்ரை முகத்தைப் பாத்தன். மாட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்லை."

மாமி அன்றைக்குத்தான் அழுதார். மாமா அந்த இரண்டு முழத்தையும் கல்லும் களியும் போட்டு இறுக்கி அடைத்தார். இருந்த தண்ணீரை இறைத்துக் கொட்டினார். இனி மழைக்குப் பார்த்திருக்க வேண்டும் என்றார். "பாத்திருப்பம். மழையிட்டைக் காத்து நிக்கிறதிலை வெக்கம் ஒண்டுமில்லை" என்றார் மாமி.

ஐப்பசி மழை தொடங்கியது. மாமி ஒவ்வொரு நாளும் விடியப் போய் ஒரு பட்டை அள்ளி வாயில் வைத்துத் துப்புவார். நான் கொட்டில் வாசலில் இருந்து பார்ப்பேன். என் வயிறு இறங்கிக்கொண்டு வந்தது. கார்த்திகை வந்தது. துப்பல். விளக்கீட்டுத் திருநாள் கழிந்தது. துப்பல். மார்கழி பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மாமி குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். துப்பவில்லை. ஒரு சிரட்டையில் அள்ளி மாமாவுக்குக் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் கொண்டுவந்தார். "குடி மோனை." குடித்தேன். கல்லின் மணம் கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் என் மகன் பிறந்தான். எங்கள் மருத்துவிச்சி, இத்தனை குடம் தண்ணீர் வேணும் என்று கேட்டு, அத்தனையும் கேட்டவுடன் வந்தது அவளுடைய சீவியத்தில் அதுதான் முதல் தரம். இன்னும் கொண்டு வரட்டோ என்று யாரோ கேட்டார்கள். "காணும்" என்றார் மாமி.

அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுக்கு இரண்டு சட்டம் வைத்தார். வேண்டிய அளவுக்கு மேல் ஒரு பட்டையும் அள்ளக் கூடாது. கிணற்றடியில் ஒருத்தரும் காத்து நிற்கக் கூடாது. கயிறு கிடக்கும், வந்தவர் அள்ளிக்கொண்டு போக வேண்டியது. பிள்ளைகளின் தலையில் சிரங்கு காய்ந்தது. கண் நோய் குறைந்தது. எந்தப் புது மருந்தும் வரவில்லை. எங்கள் இரத்தமும் மாறவில்லை. ஆடி வந்தது. நான் ஒவ்வொரு நாளும் எண்ணினேன். மகனுக்கு ஒரு நாள் வயிறு இளகியது. மாமி கொதித்தாறின தண்ணீரைக் கரண்டி கரண்டியாய்ப் பகல் முழுக்கப் பருக்கினார். பானை நிறைய இருந்தது. மூன்றாம் நாள் அவன் கப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். அந்த ஆடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னக் குழியும் வெட்டப்படவில்லை.

ஆவணி முதற் கிழமை மாமி போத்தலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, என்னையும் மகனையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அப்போதிக்கரி ஐயா எங்களைக் கண்டதும், "ஆருக்கு வருத்தம்? வாங்கிலை இருங்கோ" என்றார். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்க வரேல்லை ஐயா. நீங்கள் எழுதின மருந்தைக் காட்ட வந்தனான்" என்று மாமி போத்தலை மேசையில் வைத்தார்.

அவர் போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். என் மகனைப் பார்த்தார். ஓடலி ஒரு கிளாசை எடுத்து, கொடுப்பதோ விடுவதோ என்று தெரியாமல் நின்றார். ஐயா கிளாசுக்குக் காத்திருக்கவில்லை. போத்தலின் தக்கையைக் கழற்றி அப்படியே குடித்தார். எங்கள் கை அள்ளின தண்ணீர், எல்லாருக்கும் முன்னால். குடித்துவிட்டு, "நல்ல தண்ணியம்மா" என்றார். ஓடலி தனக்கு ஒரு வாய் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் போத்தலை நிலத்தில் வைக்கச் சொல்லவும் இல்லை. கையில் வாங்கினார்.

மாமியும் மாமாவும் போய் எவ்வளவோ காலம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கின நாளில் நான் வாசித்த முதற் சொல் அந்தப் போத்தலில் இருந்ததுதான். எங்கள் கிணற்றுக்கு இப்போது கட்டும் கப்பியும் உண்டு. மோட்டர் மட்டும் பூட்ட நான் விடவில்லை. தோட்டக்காரர் எல்லாரும் மோட்டர் பூட்டி இழுத்து இழுத்து, அந்தக் கமக்காரர் வீட்டுக் கிணறு போன வருடம் உவராகிவிட்டது. நேற்றுக் காலமை அந்த வீட்டுப் பேத்தியோ பூட்டியோ ஒருத்தி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தோடு வாசல் படலைக்கு வெளியே நின்றாள். "ஆச்சி, பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"வெளியிலை நிண்டு கேக்காதை மோனை" என்றேன். "எங்கடை கிணத்தடியிலை ஆரும் காத்து நிக்கிறேல்லை. கயிறு கிடக்கு. பிள்ளையை இஞ்சை தந்திட்டு அள்ளு."

அவள் அள்ளி முடிக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை என் மடியில் இருந்தது. அவள் போன பிறகு நான் உள்ளே போய்ப் போத்தலை இறக்கித் துடைத்தேன். வருடத்துக்கு ஒருக்கால் ஆவணியில் அதன் தண்ணீரை மாற்றுகிற வழக்கம். கிணற்றில் அள்ளி மெல்ல ஊற்றினேன். கழுத்தடி உடைவுக்குக் கீழே வந்ததும் நிறுத்தினேன். காணும்.